சிங்கப்பூரின் நகரப் பண்ணைகளையும் உள்ளரங்கத் தோட்டங்களையும் எப்படிச் சுற்றிப் பார்ப்பது?

கோவையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "டிசம்பர் விடுமுறையில் நாலு நாள் சிங்கப்பூர் வருகிறோம். நான், கணவர், ஒன்பது வயது மகன், மாமியார். கணவருக்கு எங்கள் வீட்டு மொட்டைமாடியில் மண்ணில்லா விவசாயம் தொடங்க ஆசை. வீடியோக்களில் வரும் அடுக்குப் பண்ணைகளை உள்ளே போய்ப் பார்க்க முடியுமா? எவை பார்க்கத் தகுந்தவை? எப்படித் திட்டமிடுவது?"

முடியும். ஆனால் முன்பதிவு இல்லாமல் போய்க் கதவைத் தட்டினால் திறக்கும் இடங்கள் குறைவு. நான் இங்கே ஓர் உள்ளரங்கப் பண்ணையில் ஆறு ஆண்டு பயிர்ப் பொறுப்பாளராக இருந்தவன். இப்போது வேலை வேறு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஈசூனில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் (புளோக்) கீழே உள்ள சமூகத் தோட்டத்தில் மண்வெட்டி பிடிக்கிறேன். அதனால் இரண்டு பக்கமும் தெரிந்தவனாகச் சொல்கிறேன். பண்ணைகளை இடம் வாரியாகப் பார்க்காமல், செடிக்கு வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்ற வரிசையில் பாருங்கள். வெயிலில் வளர்வது, கூரைமேல் பாதி வெயிலும் பாதிக் கட்டுப்பாடுமாக வளர்வது, காசு கொடுத்து வாங்கிய வெளிச்சத்தில் வளர்வது என்று மூன்று வகை. மூன்றையும் பார்த்துவிட்டால், உங்கள் கணவர் மாடியில் என்ன செய்யவேண்டும் என்பது அவருக்கே விளங்கிவிடும்.

பின்னணியைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு வாருங்கள். இந்த நாடு உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. விவசாயத்துக்கு இருக்கும் நிலம் மொத்தப் பரப்பில் 1 விழுக்காடு அளவுதான். 2019-இல் அரசு, 2030-க்குள் நாட்டின் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை உள்ளூரிலேயே விளைவிக்க முயல்வோம் என்று அறிவித்தது. அடுத்த ஆண்டே கொவிட் வந்தது. 2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது இங்கே கோழிச்சோற்றுக் கடைக்காரர்கள் என்ன பாடுபட்டார்கள் என்று நாங்கள் கண்ணால் பார்த்தோம். இப்படிப்பட்ட அச்சத்தில்தான் உள்ளரங்கப் பண்ணைகள் மளமளவென்று முளைத்தன. ஆனால் காய்கறி விளைச்சல் ஏறவில்லை. இங்கே சாப்பிடும் காய்கறியில் உள்ளூர்ப் பங்கு 3 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. முட்டையில் மட்டும் மூன்றில் ஒரு பங்கு உள்ளூர்க் கோழிப் பண்ணைகளிலிருந்து வருகிறது. 2025 நவம்பரில் அந்த 2030 இலக்கை மாற்றி, 2035-க்குள் நார்ச்சத்து உணவில் 20 விழுக்காடு, புரத உணவில் 30 விழுக்காடு என்று புதிதாக வைத்திருக்கிறார்கள். இடைப்பட்ட காலத்தில் பல பண்ணைகள் மூடிவிட்டன. ஆகவே நீங்கள் பார்த்த வீடியோ மூன்று வருடம் பழையதாக இருந்தால், அந்தப் பண்ணை இன்று இருக்கிறதா என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். பயணச்சீட்டு எடுத்த கையோடு செய்யவேண்டிய வேலை இது. டிசம்பரில் இங்கும் பள்ளி விடுமுறை, வழிகாட்டிச் சுற்றுலாக்கள் சீக்கிரமே நிரம்பிவிடும்.

முதல் நாள் காலையில் எந்தப் பண்ணைக்கும் போகவேண்டாம். தேக்காவுக்குப் போங்கள். லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி பஃபலோ ரோடு வழியாக நடந்தால் ஈரச்சந்தை வந்துவிடும். ஏழு, ஏழரை மணிக்குப் போனால் கீரைக் கட்டுகள் இன்னும் ஈரமாக இருக்கும். உங்கள் மாமியாரை முன்னால் விடுங்கள். முருங்கைக்கீரை, மணத்தக்காளி, பொன்னாங்கண்ணி, வாழைப்பூ என்று ஊரில் பார்ப்பதெல்லாம் அவர் கண்ணில் படும். ஒவ்வொன்றும் எங்கிருந்து வருகிறது என்று கடைக்காரரைக் கேளுங்கள். சிலது விமானத்தில் இந்தியாவிலிருந்து, சிலது லாரியில் பாலத்தைக் கடந்து மலேசியாவிலிருந்து. சாய் சிம் என்ற சீனக் கீரை, தக்காளி, முட்டைக்கோஸ் பக்கம் போனால் மலேசியாவின் கேமரன் மலை என்ற பெயர் அடிக்கடி காதில் விழும்.

பிறகு பக்கத்தில் உள்ள ஏதாவது ஒரு ஃபேர்பிரைஸ் பேரங்காடிக்குள் நுழைந்து குளிர்ப்பெட்டி வரிசையைப் பாருங்கள். உள்ளூர் விளைச்சல் என்று முத்திரை போட்ட பொட்டலங்கள் தனியாகத் தெரியும். அதில் என்னென்ன இருக்கிறது என்று உங்கள் மகனை எண்ணச் சொல்லுங்கள். லெட்டூஸ், கேல் என்ற கோஸ் வகைக் கீரை, துளசி வகைகள், சியாவ் பாய் சாய் என்ற சீனக் கீரை, காளான், முளைகட்டிய பயறு. தேக்காவில் பார்த்தவற்றில் எத்தனை இங்கே இருக்கின்றன? அநேகமாக ஒன்றும் இருக்காது. முருங்கை மரம் விளக்கின் கீழே வளராது. வளர்த்தாலும் அந்த மின்சாரத்துக்கு யாரும் காசு கொடுக்க முடியாது. உள்ளரங்கப் பண்ணைக்குக் கட்டுப்படியாவது குட்டையான, முப்பது நாற்பது நாளில் அறுத்து முடிக்கக்கூடிய, பச்சையாகவே தின்னும் இலைகள்தான். இதை முதல் நாளே பார்த்துவிட்டால், பின்னால் எந்தப் பண்ணையில் யார் என்ன சொன்னாலும் உங்களுக்கு ஓர் அளவுகோல் கையில் இருக்கும்.

அன்று மாலையே ஒரு சமூகத் தோட்டத்தைப் பார்த்துவிடுங்கள். தேசியப் பூங்காக் கழகம் 2005-இல் 'கம்யூனிட்டி இன் புளூம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. இன்று தீவு முழுக்கச் சுமார் 2,000 தோட்டங்கள் இருக்கின்றன. வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி புளோக்குகளுக்கு இடையே, வேலி போட்டு, பத்துப் பதினைந்து பாத்திகளோடு இருக்கும். சில பூட்டியிருக்கும். ஆனால் சனி ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் போனால் யாராவது தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்பார்கள். "அங்கிள், உள்ளே பார்க்கலாமா?" என்று கேட்டால் மறுப்பவரை நான் கண்டதில்லை. திரும்பும்போது கையில் ஒரு கட்டு பாண்டான் இலை இருக்கும்.

எங்கள் தோட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். நீளம் பேருந்து ஒன்றின் நீளம்தான், அகலம் அதைவிடக் கொஞ்சம் கூட. ஒரு மூலையில் கறிவேப்பிலை, அதையொட்டி முருங்கை. முருங்கையை ஆளுயரத்துக்கு மேல் விடுவதில்லை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தலையை வெட்டிவிடுவோம். நடுப் பாத்திகளில் கங்கோங், அதாவது நம் வள்ளைக்கீரை. வேலியில் சங்குப்பூவும் பாகலும் ஏறியிருக்கும். உள்ளே நுழைந்தால் பூவாளிகள் எல்லாம் கம்பியில் தலைகீழாகத் தொங்குவதைப் பார்ப்பீர்கள். டெங்கிக் கொசுவுக்குப் பயந்துதான். ஒரு மூடியில் தேங்கிய தண்ணீர் போதும், ஏடிஸ் முட்டை போட்டுவிடும். தட்டு, வாளி, மூங்கில் கழியின் வாய் எதுவும் தண்ணீர் பிடித்தபடி இருக்கக்கூடாது. புதிதாகச் சேருபவருக்கு நாங்கள் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான், விதைப்பு பிறகு.

ஞாயிறு காலை அறுத்ததைப் பங்கு போடுவோம். மலாய்ப் பெரியம்மா (மக்சிக்) ஒருவர் பாண்டானும் கங்கோங்கும் எடுத்துக்கொள்வார். எதிர் புளோக் சீன அங்கிளுக்கு முருங்கைக்கீரை. எங்களைப் பார்த்துப் பழகி, அவர் இப்போது அதை உருவி முட்டையோடு பொரிக்கிறார். காம்பை விட்டு இலையை மட்டும் எப்படி உருவுவது என்று என் அம்மாதான் அவருக்குக் கல் பெஞ்சில் உட்கார்ந்து காட்டிக்கொடுத்தார். விளைச்சல் கணக்கு பார்த்தால் இது யாருக்கும் ஒரு வாரத்துக்குப் போதாது. இருந்தாலும் இங்கே செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. வெயில் சும்மா கிடைக்கிறது, மழை சும்மா கிடைக்கிறது, உழைப்பைக் கொடுப்பவர் மகிழ்ந்து கொடுக்கிறார். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் இருந்தால் அலெக்சாண்ட்ரா பக்கம் ஹார்ட்பார்க் என்ற தோட்டக்கலைப் பூங்காவுக்குப் போகலாம். வாடகைப் பாத்திகள் வரிசையாக இருக்கும், 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், மண்ணை உயர்த்திக் கட்டியது. ஆண்டுக்குச் சுமார் 60 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாடகை, மூன்று ஆண்டு வரை வைத்துக்கொள்ளலாம், கிடைப்பது குலுக்கலில். ஈசூனில் கூ டெக் புவாட் மருத்துவமனையின் கூரையில் தொண்டூழியர்கள் காய்கறித் தோட்டம் போட்டு வளர்த்திருக்கிறார்கள். மருத்துவமனை என்பதால் கூட்டமாகப் போகவேண்டாம். கட்டடத்தைச் சுற்றியுள்ள குளமும் மரங்களுமே ஒரு மணி நேரத்துக்குப் போதும்.

இரண்டாவது வகை கூரைப் பண்ணைகள். 2019-இல் அங் மோ கியோவில் ஒரு பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில் சிட்டிபோனிக்ஸ் என்ற நிறுவனம் பண்ணை போட்டது. வீவக கார் நிறுத்துமிடத்தில் அப்படி வந்த வணிகப் பண்ணை அதுதான் முதல். அதைப் பார்த்து 2020-இல் சிங்கப்பூர் உணவு அமைப்பு ஒன்பது கார் நிறுத்துமிடக் கூரைகளைப் பண்ணைக்காக ஏலத்தில் கொடுத்தது. யோசனை நல்லது. கூரை வெறுமனே வெந்துகொண்டு கிடக்கிறது, கீழே குடியிருப்பவர்களே வாங்குபவர்கள். ஆனால் அங்கே வேலை பார்த்த நண்பர்கள் பட்ட பாட்டை நான் அறிவேன். கான்கிரீட் தளம் மதிய வெயிலில் கொதிக்கும். சத்துக்கரைசல் ஓடும் குழாய் 30 டிகிரிக்கு மேல் சூடானால் தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயு குறைந்து வேர் பழுப்பாகும். அழுகல் வந்தால் இரண்டு நாளில் வரிசையே போய்விடும். பிறகு திடீரென்று ஒரு சாயங்கால மழை, காற்றோடு. லெட்டூஸ் இலை கிழிந்து நிற்கும். இப்படி ஒரு பண்ணைக்குள் போக வாய்த்தால் உங்கள் கணவர் இலையைப் பார்ப்பதைவிட அதிக நேரம் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கட்டும். அதை எங்கே வைத்திருக்கிறார்கள், நிழலிலா, எதைச் சுற்றி மூடியிருக்கிறார்கள், குளிர்விக்கும் கருவி உண்டா என்று கேட்கட்டும். கோவை மாடியில் அவருக்கு வரப்போகும் முதல் தொல்லையும் அதுதான்.

நகர மையத்தில் சுலபமாகப் பார்க்கக்கூடிய கூரைத் தோட்டங்கள் இரண்டு. ஒன்று, சிட்டி ஹால் அருகே ஃபுனான் கடைத்தொகுதியின் கூரையில் 2019-இலிருந்து இருப்பது. மற்றது ராஃபிள்ஸ் பிளேசில் கேப்பிட்டாஸ்பிரிங் கட்டடத்தின் 51-ஆவது மாடி. 280 மீட்டர் உயரக் கட்டடத்தின் உச்சியில் 150-க்கும் மேற்பட்ட வகை உண்ணத்தக்க செடிகளை வைத்திருக்கிறார்கள். பொதுமக்கள் மேலே போகலாம், நேரக் கட்டுப்பாடு உண்டு, ஆகவே முன்பே பார்த்துக்கொண்டு போங்கள். உங்கள் மகனுக்கு இது மிகவும் பிடிக்கும். கீழே மரினா பே முழுக்கத் தெரியும், கைக்கெட்டும் தூரத்தில் மூலிகைச் செடிகள். இது விளைச்சலுக்காக நடத்தும் பண்ணை என்று எண்ணிப் போகவேண்டாம். காற்று பலமாக அடிக்கும் உயரத்தில் எந்தச் செடி தாக்குப்பிடிக்கிறது என்று பார்ப்பதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

இந்த இரண்டு தோட்டங்களுக்கும் பின்னால் இருப்பது 2012-இல் தொடங்கிய எடிபிள் கார்டன் சிட்டி என்ற நிறுவனம். குவீன்ஸ்டவுனில் ஜாலான் பெஞ்சாராவில் சிட்டிசன் ஃபார்ம் என்ற பண்ணையை அமைத்தவர்களும் அவர்களே. மலாயில் பெஞ்சாரா என்றால் சிறை. பழைய சிறை வளாகம் இருந்த இடத்தில்தான் பாத்தியும் கொள்கலனும் காளான் அறையுமாக அந்தப் பண்ணை எழுந்தது. சிறப்புத் தேவையுள்ளவர்களுக்கு அங்கே வேலை கொடுத்தார்கள். உணவுக் கழிவைத் தின்னும் கருப்புப் படைவீரன் ஈயின் புழுக்களை வளர்த்த இன்செக்டா என்ற நிறுவனமும் அதே வளாகத்தில்தான் தொடங்கியது. வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்கவும் பயிலரங்கில் சேரவும் வழி வைத்திருப்பவர்கள் என்பதால், முதலில் மின்னஞ்சல் அனுப்ப நான் சொல்வது இவர்களுக்குத்தான்.

இப்போது நீங்கள் முக்கியமாகக் கேட்ட உள்ளரங்கப் பண்ணை. 2014-இல் பானசோனிக் துவாஸில் தன் கட்டடத்துக்குள் காய்கறி வளர்க்க உரிமம் பெற்றது. அப்படி உரிமம் வாங்கிய உள்ளரங்கப் பண்ணை இங்கே அதுதான் முதல். சஸ்டெனிர் என்ற நிறுவனம் கேல், பிறகு ஸ்ட்ராபெரி என்று குளிர்நாட்டுப் பயிர்களை இந்தப் பூமத்திய ரேகை ஊரில் அறைக்குள் வளர்த்துக் காட்டியது. பின்னால் வந்தவர்கள் நிறைய. பெரும்பாலான பண்ணைகள் தொழிற்பேட்டையில், வெளியே பார்த்தால் ஏதோ சரக்குக் கிடங்கு போல இருக்கும். பொதுமக்களைத் தினமும் உள்ளே விடுவதில்லை. குழுவாக, முன்பதிவோடு, சில சமயம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கும்படிதான் ஏற்பாடு. கண்ணாடி வழியே பார்ப்பது வீண் என்று நினைக்காதீர்கள். நன்றாக நடத்தும் பண்ணை தன் பயிரைக் காக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

உள்ளே விட்டால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். காலணியை மாற்றச் சொல்வார்கள். மேலங்கி, தலைவலை, கையைக் கிருமிநாசினியால் கழுவுதல், சில இடங்களில் காற்று பீய்ச்சும் சிறு அறை. இதெல்லாம் சுத்தத்தைக் காட்டிக்கொள்வதற்காகச் செய்வதில்லை. உங்கள் சட்டை மடிப்பில் ஒரே ஓர் அசுவினி இருந்தால் போதும். வெளியே அதைத் தின்னப் பொறிவண்டு இருக்கும், மழை அடித்துப்போகும். உள்ளே எதிரியும் இல்லை, மழையும் இல்லை, வருடம் முழுக்க 22 டிகிரி. பத்து நாளில் அறையே அதன் கையில். இலைப்பேனும் வெள்ளை ஈயும் அப்படித்தான். மருந்து அடிப்பதில்லை என்று சொல்லித்தான் இந்தக் கீரையை விற்கிறோம், அதனால் அடிக்கவும் முடியாது. ஆகவே சமூகத் தோட்டத்துக்குப் போன அதே நாளில், அதே உடையோடு உள்ளரங்கப் பண்ணைக்குப் போகாதீர்கள். நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள், அல்லது உள்ளரங்கத்தைக் காலையில் முடித்துவிட்டு மாலையில் மண்ணுக்குப் போங்கள்.

நாற்று அறையில் நின்று பாருங்கள். சதுரம் சதுரமாக வெட்டிய பஞ்சில், நகத்தளவு இரண்டு இலையோடு நூற்றுக்கணக்கான நாற்று. பழைய வகை விளக்கு என்றால் அறை முழுக்க ஊதாச் சிவப்பு. சிவப்பும் நீலமும்தான் ஒளிச்சேர்க்கைக்கு நன்றாகப் பயன்படுகின்றன என்று அவற்றை மட்டும் போட்ட காலம் அது. அந்த வெளிச்சத்தில் பச்சை இலை கறுப்பாகத் தெரியும், நோய் வந்தால் கண்ணுக்கே தெரியாது. நான் சேர்ந்த முதல் மாதம் இலையைப் பார்க்க வெள்ளை டார்ச் வைத்துக்கொண்டு அலைந்தேன். இப்போது பலரும் வெள்ளை கலந்த விளக்குக்கு மாறிவிட்டார்கள். அடுத்து, முற்றிய லெட்டூஸின் நடுக் குருத்தை விரலால் மெல்ல விலக்கிப் பார்க்க அனுமதி கேளுங்கள். உள் இலையின் ஓரம் பழுப்பாகக் கருகியிருந்தால் அது நுனிக்கருகல். கரைசலில் சுண்ணாம்புச்சத்து இருந்தும், காற்று அசையாததால் குருத்து ஆவியை விடவில்லை, அதனால் சத்து அங்கே ஏறவில்லை என்று பொருள். ஒவ்வொரு தட்டுக்கும் மின்விசிறி வைத்திருப்பது இதற்காகத்தான். வழிகாட்டி பேசுவதைவிட அந்தக் குருத்து பண்ணையைப் பற்றி அதிகம் சொல்லும்.

மின்சாரக் கணக்குக்கு வருவோம், இதைத்தான் நான் மனம் விட்டுச் சொல்ல விரும்புகிறேன். லெட்டூஸுக்குத் தினமும் பதினாறு மணி நேரம் போல விளக்கு எரியவேண்டும். தரமான எல்இடி போட்டாலும் ஒரு சதுர மீட்டர் பயிருக்கு நாளொன்றுக்குச் சுமார் 1.4 யூனிட் வெளிச்சத்துக்கே போய்விடும். விளக்கு தரும் வெப்பத்தையும், செடி வெளிவிடும் ஈரத்தையும் அறையிலிருந்து இழுத்து வெளியேற்றக் குளிரூட்டி ஓடவேண்டும். பம்பு, விசிறி தனி. எல்லாம் சேர்த்து, ஒரு கிலோ கீரைக்குப் பத்து யூனிட்டுக்குக் குறைவாகச் செலவழிக்கும் பண்ணை அரிது. யூனிட் 30 காசு (சென்ட்) என்று வீட்டுக் கட்டணத்தை ஒட்டிக் கணக்கிட்டால் கிலோவுக்கு மூன்று வெள்ளிக்கு மேல் மின்சாரம் மட்டுமே. சம்பளம், வாடகை, பொட்டலம், கடைக்காரர் பங்கு இன்னும் சேரவில்லை. லாரியில் வரும் சாய் சிம் பொட்டலமோ ஒரு வெள்ளி, ஒன்றரை வெள்ளிக்குக் கிடைக்கிறது. சிங்கப்பூரின் மின்சாரத்தில் கிட்டத்தட்ட 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவில் உற்பத்தியாகிறது, அதுவும் இறக்குமதி. கீரை இறக்குமதியைக் குறைக்க எரிவாயுவை இறக்குமதி செய்கிறோம். 2022-ஐ ஒட்டி எரிவாயு விலை ஏறியபோது எங்கள் பண்ணையில் மாதக் கட்டணத்தைப் பார்த்துவிட்டு முதலாளி அரை மணி நேரம் யாரோடும் பேசவில்லை. அத்தனை பண்ணைகள் மூடியதற்குக் காரணம் அவர்களுக்கு விவசாயம் தெரியாதது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பயிர் அருமையாக வந்தது. வெளிச்சத்தைக் காசு கொடுத்து வாங்கினார்கள், பக்கத்து நாட்டில் அது சும்மா கிடைத்தது.

இதை வைத்து உள்ளரங்கப் பண்ணையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தண்ணீர் விஷயத்தில் அவை செய்வது பெரிய காரியம். செடி வெளிவிட்ட ஈரம் குளிரூட்டியில் நீராக வடிகிறது, அதைப் பிடித்துத் திரும்பத் தொட்டியில் விடுகிறோம். எல்லையை அடைக்கும் காலம் வந்தால் நாற்பது நாளில் கீரை தரும் திறமை நாட்டுக்குள் இருக்கவேண்டும் என்பதும் நியாயம். நான் அந்த வேலையில் இருந்த ஆறு ஆண்டையும் மதிக்கிறேன்.

ஒரு ராத்திரியைப் பற்றியும் சொல்லவேண்டும், உங்கள் கணவருக்கு உதவும். நாங்கள் மெல்லிய ஓட்டமாகக் கரைசல் விடும் முறையில் வளர்த்தோம். சாய்ந்த குழாயில் வேரை நனைக்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஓடும். நீண்ட விடுமுறை வாரம், விடிகாலை இரண்டரை மணிக்கு ஒரு பம்பு நின்றுவிட்டது. எச்சரிக்கைச் செய்தி வந்த கைப்பேசி சத்தமில்லாமல் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது. அது என் கைப்பேசிதான். ஆறரைக்கு நான் உள்ளே போனபோது இரண்டு அடுக்கு முழுக்க இலைகள் வெந்தது போலத் தொங்கின. வேரைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்த நூல் மாதிரி இருந்தது. விளக்கு மட்டும் ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தது, குளிர்காற்று வீசிக்கொண்டிருந்தது. மண்ணில் ஒரு நாள் தண்ணீர் விட மறந்தால் செடி மன்னிக்கும். இந்த முறையில் இரண்டு மூன்று மணி நேரம்கூடத் தாங்காது. நீங்கள் போகும் பண்ணையில் தயங்காமல் கேளுங்கள்: பம்பு நின்றால் என்ன செய்வீர்கள்? உடனே பதில் வரும் இடத்தில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கும்.

நகருக்கு வெளியே ஒரு நாள் ஒதுக்கினால் கிராஞ்சி, லிம் சூ காங். தீவின் வடமேற்கு மூலை, கடைசியாக மிஞ்சிய பண்ணை வட்டாரம். ஐவி சிங்-லிம்மும் அவர் கணவரும் நியோ தியூ ரோட்டில் உருவாக்கிய பாலிவுட் ஃபார்ம்ஸில் வாழை, மூலிகை, பலவகைக் கீரைகள் தரையிலேயே வளர்வதைப் பார்க்கலாம். மாமியார் அங்கே உங்களுக்கு வழிகாட்டியாகிவிடுவார். ஹே டெய்ரிஸ் ஆட்டுப் பண்ணையில் காலையில் போனால் ஆடு கறப்பதைப் பார்க்கலாம், மகனுக்காக அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இதே லிம் சூ காங்கில்தான் 2012-இல் ஸ்கை கிரீன்ஸ் என்ற அடுக்குப் பண்ணை வணிக விளைச்சலைத் தொடங்கியது. கண்ணாடி வீட்டுக்குள் ஒன்பது மீட்டர் உயரச் சட்டங்களில் தட்டுகள் மெதுவாகச் சுற்றின, ஒவ்வொரு தட்டும் மேலே போய் வெயில் வாங்கிக் கீழே வந்து தண்ணீர் குடித்தது. தண்ணீரின் எடையாலேயே சுழலும்படி அமைத்ததால் மின்சாரம் மிகக் குறைவு. விளக்கு வாங்காமல் அடுக்கு கட்டலாம் என்று காட்டிய அந்த யோசனையை நான் இன்றும் மதிப்போடு நினைக்கிறேன். கிராஞ்சிக்குப் போவது எளிது, திரும்புவது கடினம். பேருந்து குறைவு, டாக்சி அந்தப் பக்கம் சும்மா வராது. திரும்பும் வண்டியை முன்பே பேசிவிடுங்கள்.

டிசம்பர் இங்கே வடகிழக்குப் பருவமழைக் காலம். வெளிப்புறப் பண்ணைகளைக் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள் முடித்துக்கொண்டால் பெரும்பாலும் நனையமாட்டீர்கள். கண்ணாடி வீட்டுக்குள் நிற்க நேர்ந்தால் மாமியாருக்குப் புழுக்கம் தாங்காது, உள்ளரங்கத்திலோ குளிரும். ஒரு சால்வை, ஒரு தண்ணீர் போத்தல், எல்லாருக்கும் கழற்றி மாட்ட எளிதான மூடிய காலணி.

கடைசியாக உங்கள் கணவரின் மொட்டைமாடி. கோவையில் வெயில் சும்மா கிடைக்கிறது. விளக்கு, குளிரூட்டி எதுவும் வாங்கவேண்டாம், இங்கே பார்த்த மூன்றாவது வகையை வியந்து பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். நிழல்வலை ஒன்று, தண்ணீர்த் தொட்டிக்கு நிழல், அவ்வளவுதான் தொடக்கம். முதல் முயற்சிக்கு மெல்லிய ஓட்ட முறையும் வேண்டாம். ஓர் அடி ஆழத் தொட்டியில் வேர் மூழ்கியிருக்க, மீன்தொட்டிக்குப் போடும் காற்றுக் குழாய் விட்டு வளர்க்கும் முறையில் தொடங்கினால் கரண்ட் போனாலும் பல மணி நேரம் தாங்கும். லெட்டூஸை விட்டுவிட்டு அரைக்கீரை, பாலக், புதினா என்று வீட்டில் தினமும் சமைப்பதைப் போடுங்கள். இங்கிருந்து விதையோ நாற்றோ பெட்டியில் வைத்து எடுத்துப் போகவேண்டாம், தாவரச் சுகாதாரச் சான்று இல்லாமல் விமான நிலையத்தில் பறிமுதல் செய்துவிடுவார்கள்.

வாங்குவதென்றால் கரைசலில் உப்பு எவ்வளவு என்று காட்டும் ஒரு நல்ல ஈ.சி. மீட்டரும், அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். மீட்டரும் வாங்குங்கள். சத்துக்கரைசலைக் கீரைக்கு ஈ.சி. 1.2-லிருந்து 1.8-க்குள்ளும், பி.எச். 5.5-லிருந்து 6.5-க்குள்ளும் வைப்பது வழக்கம். இங்கே குழாய்த் தண்ணீர் மென்மையானது, உப்பு குறைவு, அதில் எதைக் கலந்தாலும் கணக்கு சரியாக வரும். உங்கள் வீட்டுக்குச் சிறுவாணித் தண்ணீர் வருகிறதா, போர்வெல்லா என்று நீங்கள் எழுதவில்லை. போர் தண்ணீர் என்றால் உரம் போடும் முன்பே மீட்டர் 1.5-ஐக் காட்டக்கூடும், அப்படிக் காட்டினால் அதில் வளர்க்க முடியாது, மழைநீர் சேகரித்துக் கலக்கவேண்டியிருக்கும். மீட்டரை இங்கே வந்துதான் வாங்கவேண்டும் என்றில்லை, கோவையிலேயே கிடைக்கும். கிளம்புவதற்கு முன்பே ஒன்று வாங்கி, இரண்டு தண்ணீரிலும் முக்கி, வரும் எண்களை எழுதி அனுப்புங்கள். எந்தப் பண்ணையில் எந்தக் கேள்வியைக் கேட்கவேண்டும் என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.